வாய்க்குள் போவதெல்லாம்

முதலில் மாறியது என் நாக்கு. ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். சொரசொரப்பெல்லாம் போய், தோலுரித்த தக்காளிபோலச் சிவந்து வழவழவென்று இருந்தது. ரசம் பட்டால் எரிந்தது. சில நாளில் வெறும் சோறு பட்டாலும் எரிந்தது. காரம் கூடிப்போய்விட்டது என்று நினைத்து, சமைத்தவரைத்தான் முதலில் குறை சொன்னேன்.

சமைத்தவர் லூர்து அண்ணி. என் கணவர் அந்தோணியின் அக்கா. தன் கணவர் இறந்த பிறகு பெங்களூர் விவேக் நகரில் எங்களோடு வந்து சேர்ந்தவர். அறுபது வயது தாண்டியவர். நான் வேலைக்குப் போகிறவள் என்பதால் அடுப்படி அவர் கையில்தான். அன்றைக்கு அவர் மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டார்.

என் வேலையையும் சொல்லிவிட வேண்டும். ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் நான் செக்கர். தைத்து வரும் சட்டைகளைத் திருப்பிப் போட்டு, நூல் பிசிறு, விட்ட தையல், தளர்ந்த பட்டன் பார்த்து ஒதுக்குகிறவள். இருபது வருடத்துக்கு மேலாகிறது. குற்றம் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிற கண்ணை, வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை. இந்த நோயின் கதையில் பாதி அதுதான்.

நாக்குக்குப் பின் வாய்ப்புண். அதன்பின் வயிறு. சாப்பிட்டதும் உப்பும், மறுநாள் காலை நாலைந்து தடவை போகும். எடை குறைந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒருநாள் செக்கிங் டேபிளில் வெள்ளைச் சட்டையின் தையல் கோடு இரண்டாகத் தெரிந்தது. நான் பாஸ் செய்த பெட்டி திரும்பி வந்தது. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

எங்கள் தெருமுனை டாக்டர் ரத்தம் குறைவு என்றார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் விழுங்கியும் ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருள்) ஏறவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார். மாதவிலக்கு நிற்கும் வயது, அதனால் இருக்கும் என்றார். மாத்திரை போலியோ என்று எனக்குச் சந்தேகம். வேறு கடையில் வாங்கினேன். அப்புறம் ரத்தம் எடுத்த லேபின் மேல் சந்தேகம் வந்தது. வேறு லேபுக்குப் போனேன். முடிவு மாறவில்லை.

எங்கள் அன்பியத்தின் (எங்கள் கோயிலைச் சேர்ந்த பத்திருபது வீடுகள் ஒன்றாகச் செபிக்கும் குழு) தலைவி ரீட்டா அக்கா, வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து செபித்தார். போகும்போது வாசலில் நின்று கேட்டார்.

"பிலோமினா, மனசுல யாரையாச்சும் மன்னிக்காம வெச்சிருக்கியா? அதான் சில பேருக்கு ஒடம்புல காட்டும்."

"அப்படிப் பாத்தா இந்தத் தெருவுல யாருமே எழுந்து நடமாட முடியாதே அக்கா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவரும் என் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தார். எனக்காகச் செபித்தவர்கள் என் கதையை நாலு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று நினைத்தேன். ஓரளவு உண்மையும்கூட.

கடைசியில் அந்தோணி ஒருநாள் லீவு போட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். குடல் நோய்ப் பிரிவில் டாக்டர் சுமா என்ற பெண் பார்த்தார். கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். முதலில் குடல் காசநோயாக இருக்குமோ என்று பார்த்தார். இல்லை என்றானதும் ஒரு ரத்தப் பரிசோதனை. பிறகு எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை இறக்கி உள்ளே பார்ப்பது). சிறுகுடலிலிருந்து நாலைந்து இடத்தில் கடுகளவு சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். நல்ல குடலின் உட்சுவரில், பூத்துவாலையின் இழைபோல, விரல் விரலாக நுண்ணிய உறிஞ்சிகள் நிற்கும். சாப்பாட்டின் சத்தை அவைதான் இழுக்கும். எனக்கு அவை தேய்ந்து தரைமட்டமாகிவிட்டன.

"இதுக்குப் பேரு சீலியாக். கோதுமை, பார்லியில குளுட்டன்னு ஒரு புரதம் இருக்கு. நம்ம சவுத்ல இந்த நோய் ஸ்வல்ப கம்மி. அதனாலதான் யாருக்கும் டவுட் வரல. உங்க ஒடம்புக்கு அதைக் கண்டா எதிரின்னு தோணுது. அதை அடிக்கிறேன்னு குடலையே அடிச்சிக்குது."

"மருந்து?"

"மருந்து இல்லம்மா. கோதுமை வேண்டாம். துணுக்குகூட வேண்டாம். வாழ்க்கை பூரா."

எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் நம்புவீர்களா? பெயர் தெரியாத எதிரியைவிட, டப்பாவில் ஒட்டிய லேபிளில் படித்துவிடக்கூடிய எதிரி மேல் என்று தோன்றியது. குற்றம் எது என்று தெரிந்துவிட்டால் ஒதுக்குவது என் தொழில்தானே.

வீட்டில் ரவை, மைதா, சேமியா எல்லாம் போயின. தூள் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டிப் பெருங்காயத்திலும் கலப்பு உண்டு என்று யாரோ சொல்ல, பெருங்காயத்தையே விட்டோம். அந்தோணிக்குச் சர்க்கரை இருப்பதால் ராத்திரிக்குச் சப்பாத்தி சுடுவது வழக்கம். அண்ணி ஒரே நாளில் அதை நிறுத்தி, கேழ்வரகுக் களி கிண்டத் தொடங்கினார். அந்தோணி முதல் உருண்டையைத் தொண்டைக்குள் தள்ளிவிட்டு, "இத்தனை வருஷம் பெங்களூர்ல இருந்துட்டு இப்பத்தான் கன்னடக்காரன் ஆனேன்" என்றார். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான் நீடித்தது.

முதல் இரண்டு மாதம் உடம்பு தேறியது. நாக்கில் எரிச்சல் குறைந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. பாதி தேறிய உடம்போடு வேலைக்குப் போய் வந்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், குளுட்டனுக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்பொருளின் அளவு இறங்கவேயில்லை.

டாக்டர் சுமா தாளை மேசைமேல் வைத்தார். "எங்கிருந்தோ கோதுமை உள்ள போகுதம்மா. டெய்லி போகுது. வீட்ல நல்லாப் பாருங்க."

வீட்டில் பார்க்கச் சொன்னார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து நான் என் வீட்டில் செக்கராக வேலை பார்த்தேன். தோசைக்கல்லை முகர்ந்தேன். அடுப்புக்கு அடியில் விரலால் தடவி, வெள்ளையாக ஏதாவது ஒட்டுகிறதா என்று பார்த்தேன். எனக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி வடிதட்டு வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அண்ணி பரிமாறியதும் நெற்றியில் சிலுவை போட்டு, சாப்பாட்டுக்கு முன் சொல்லும் செபத்தைச் சொல்வேன். பிள்ளைப் பருவத்திலிருந்து சொல்வதுதான். இந்த உணவை ஆசீர்வதியும் என்று வாய் சொல்லும்போதே, கண் குழம்பின் கொழகொழப்பில் மைதா கரைத்திருக்கிறார்களா என்று தேடும். ஆமென் சொல்லிவிட்டு, "இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்க மாட்டேன். கேட்காமல் பார்ப்பேன். அதுதான் அவரை அதிகம் வதைத்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி குளிக்கப் போயிருந்தபோது அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். துணிகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் பொட்டலம். பாதி காலி. எடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசைமேல் போட்டேன்.

"இது என்ன அண்ணி?"

தலையில் துண்டோடு நின்றார். "பிஸ்கட்டு."

"என்னைச் சாகடிக்கணும்னே வெச்சிருக்கீங்களா?"

"பிலோ, போதும்" என்றார் அந்தோணி.

"ஆறு மாசமா நான் சாகறேன். இவங்க கை பட்ட சோத்தைத் தின்னுட்டுச் சாகறேன். நீங்க போதும்ங்கறீங்க."

அண்ணி அந்தப் பொட்டலத்தை எடுத்து, சிந்தாமல் மடித்து, கையில் வைத்துக்கொண்டார். "மொட்டை மாடிக்குப் போய்த் தின்னுட்டு, அங்கியே சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு, வாய் கொப்புளிச்சிட்டுத்தான் கீழ எறங்குவேன். சாயங்காலம் டீக்கு ரெண்டு. அறுபது வருஷத்துப் பழக்கம். அவ்ளோதான் நான் பண்ண துரோகம்."

மறுநாள் காலை ரயிலில் கேஜிஎஃப்பில் (கோலார் தங்கவயல்) இருக்கும் தன் ஓரகத்தி வீட்டுக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அவர் போனதும் அடுப்படியை வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு, இனிமேல் சரியாகிவிடும் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

மூன்று மாதம் நானே சமைத்தேன். நானே அரைத்தேன். கம்பெனி கேன்டீனில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்த பரிசோதனையில் அளவு அதே இடத்தில் நின்றது.

டாக்டர் சுமா ரிசல்ட் தாளை ஒதுக்கி வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். "எழுந்ததுல இருந்து சொல்லுங்க. வாய்க்குள்ள போறது எல்லாம். ஒண்ணும் விடாதீங்க."

"அஞ்சு மணிக்கு எழுந்து வெந்நீர். ஆறு மணிக்குக் கோயில், பூசை. ஏழு மணிக்கு வந்து கேழ்வரகுக் கஞ்சி. அப்புறம்..."

"தினமும் கோயிலா?"

"கல்யாணத்துக்கு முன்னாடில இருந்தே. ஒருநாள் விட்டது இல்ல."

"அங்க ஏதாவது கொடுப்பாங்களா? எங்க தேவஸ்தானத்துல தீர்த்தம், பிரசாதம் கொடுப்பாங்கல்ல, அந்த மாதிரி?"

"நன்மை வாங்குவோம். ஆனா அது சாப்பாடு இல்ல டாக்டர்."

"செரி. எதுல செய்றாங்க?"

எனக்குப் பதில் தெரியும். ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். எங்கள் திருச்சபையின் சட்டப்படி, நன்மையாகக் கொடுக்கும் அந்த அப்பம் கோதுமையில் மட்டும்தான் செய்யப்பட வேண்டும். மெல்லிய வெள்ளை வில்லை. பூசையில் அது ஆண்டவரின் உடலாகிறது என்பது எங்கள் விசுவாசம். என் சந்தேகக் கண் பெருங்காய டப்பாவரைக்கும் போனது. அந்த வில்லையின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"கோதுமை" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். வெற்றி பெற்றவர்போல் இல்லை. வருத்தமாகத்தான் பார்த்தார். "சின்னதா இருந்தாலும் டெய்லி போகுதில்லம்மா" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விடுவித்துக்கொண்டேன். மூன்று மாதமாகத் தன் அக்காவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கணத்தில் அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவர் மௌனத்துக்குள் என்ன வைத்திருக்கிறார்?

அதன்பிறகும் இரண்டு வாரம் நன்மை வாங்கினேன். உங்களில் யாராவது இதே நோயோடு இதே விசுவாசத்தில் இருந்தால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஆண்டவரின் உடல் என் உடலை எப்படிக் கெடுக்கும் என்று வீம்பு. டாக்டர் வேற்று மதத்தவர், அவருக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். அதை விசுவாசம் என்று சொல்லிக்கொண்டேன். உள்ளே பார்த்தால் அது கடவுளுக்கு நான் வைத்த பரிசோதனை. பாஸ் ஆகிறாரா என்று பார்த்தேன்.

அந்த இரண்டாம் வாரம் வயிறு முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் போனது. கம்பெனியில் டேபிளைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தேன். பக்கத்து லைன் பெண்கள் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

மறுநாள் பூசைக்குப் போனேன். எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் தாண்டிப் போக வசதியாகக் கால்களை ஒடுக்கிக்கொண்டேன். முப்பது வருடத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை. முதுகில் ஊசி குத்துவதுபோல் பார்வைகள்.

மூன்றாம் நாள் வாசலில் ரீட்டா அக்கா பிடித்துக்கொண்டார். "ஏன் நன்மை வாங்கல?"

"ஒடம்பு சரியில்ல."

"ஒடம்பு சரியில்லாதவங்களுக்குத்தான் அது." இன்னும் கிட்டே வந்து, "லூர்து போனதுல இருந்தே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியா?" என்றார். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதைத்தான் கேட்டார்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். கார்மென்ட்ஸில் ஒரு விஷயம் உண்டு. மற்ற செக்கர் குறை சொன்னால் நமக்குக் கோபம் வரும். ஆனால் அவர் கை வைத்த இடத்தில் பிசிறு இருக்கும். ரீட்டா அக்கா காரணத்தைத் தப்பாகச் சொன்னார். இடத்தைச் சரியாகத்தான் தொட்டார்.

பூசையில் நன்மைக்குச் சற்று முன்னால் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்பித் தலையசைப்போம். நான் எப்போதும் அடுத்து வரப்போகும் நன்மையை நினைத்துக்கொண்டே அவசரமாக அசைத்துவிடுவேன். இப்போது எனக்கு அடுத்தது எதுவும் இல்லை. அந்தக் கைகூப்பலோடு என் பூசை முடிந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு நாளும் அதில் கொஞ்சம் நின்றேன். எதிரில் நிற்கும் முகத்தைப் பார்த்தேன். கைக்குழந்தையோடு வரும் பெண், காது கேட்காத கிழவர், ஒருநாள் ரீட்டா அக்காவே. எல்லாருக்கும் சொல்ல முடிந்தது. சொல்ல முடியாத முகம் கேஜிஎஃப்பில் இருந்தது.

வேலை நாளில்தான் போனேன். கன்டோன்மென்ட்டில் ரயில் ஏறி, மதியத்துக்குள் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் தாழ்ந்த கூரை வீடு. அண்ணி வெளியே அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோதுமை எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

முறத்தைக் கீழே வைக்கவில்லை. "ரிசல்ட்டுல நான் இல்லன்னு வந்திச்சி. அதனால வந்த. அப்படி வராம போயிருந்தா?"

பொய் சொல்ல எனக்கு ஆசைதான். "வந்திருக்க மாட்டேன் அண்ணி."

முறத்தை இன்னொரு தடவை புடைத்தார். "நெஜத்தைச் சொன்ன. செரி. இப்பப் போயிட்டு வா."

ரயிலுக்கு நேரம் இருந்தது. பசித்தது. உள்ளே குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. அவர் எழுந்து உள்ளே போய், தோல் உரிக்காத இரண்டு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "சோறு போட மாட்டேன். இது என் அடுப்பு இல்ல. எதுல என்னா கலந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. இதுன்னா தோலுக்குள்ள இருக்கு."

ரயிலில் அந்தப் பழத்தை உரிக்கும்போது அழுதேன். மன்னிக்காத ஒருவர் என் குடலுக்குக் காவல் இருந்தார். நான் செபித்துக்கொண்டே அவரைச் சந்தேகப்பட்டேன்.

அந்த வாரமே எங்கள் கோயிலின் பங்குத்தந்தையைப் பார்த்தேன். அதுவரை போகாததற்குக் காரணம், விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடுவார் என்ற பயம். அவர் நடுவயதுக்காரர். டாக்டர் கொடுத்த தாளை இரண்டு முறை படித்தார்.

"இப்படி ஒரு நோய் இருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்மா" என்றார்.

"ஆண்டவரோட ஒடம்பு எப்படி ஃபாதர் என்னைக் கெடுக்கும்?"

"அப்பம் அவராகுதுன்னு நம்புறோம். ஆனா கோதுமையோட ருசி மாறுதா? வாசனை மாறுதா? இல்லல்ல. அதனதன் தன்மை அப்படியேதான் இருக்கும்னு திருச்சபையே சொல்லுது. ஒங்க கொடலுக்கும் அது கோதுமைதான். கொடல் மேல தப்பு இல்ல. ஒங்க மேலயும் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "பூசையில வெக்கிற திராட்சை இரசத்துலயும் அவர் முழுசா இருக்காரு. அதை மட்டும் வாங்கலாம். பேராயர் இல்லத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

செக்கருக்கு அதோடு விட மனம் வரவில்லை. "ஒங்க கிண்ணத்துல அப்பத்தைப் பிட்டு ஒரு துண்டு போடுவீங்களே ஃபாதர்?"

அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இருபது வருஷமா போடறேன். யாரும் கேட்டதில்ல. செரி, ஒங்களுக்குத் தனியா ஒரு சின்னக் கிண்ணம் வெச்சிடலாம். ஒரு ஓரமா, மூடி போட்டு. அதைத் தொட்ட பிறகுதான் அப்பத்தைத் தொடுவேன். போதுமா?"

முதல் தடவை அந்தக் கிண்ணத்தை வாங்கியபோது பக்தியாக ஒன்றும் தோன்றவில்லை. விளிம்பில் துகள் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். பிறகு குடித்தேன். ஒரு மடக்குப் புளிப்பும் இனிப்பும் தொண்டையில் இறங்கியது. இடத்துக்குத் திரும்பிவந்து உட்கார்ந்து, இத்தனை வருடம் வரிசையில் போய் வாங்கியதை எந்த நாளாவது இப்படிப் பார்த்து வாங்கியிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. பழக்கம் அதிகமானதால் பார்க்காமலே விழுங்கியிருக்கிறேன்.

கேஜிஎஃப்புக்கு இரண்டாவது தடவையும் போனேன். சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை. ரிசல்ட்டும் இல்லை. வெயிலில் உட்கார்ந்து அவரோடு புளி ஆய்ந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் வாருங்கள் என்று கூப்பிடவில்லை. பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, டிரங்குப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அந்தோணி ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினார். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த மூன்று மாத மௌனத்துக்குள் என்ன வைத்திருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. என்மேல் கோபம் இல்லை. அக்காவா மனைவியா என்று யாரையும் விட்டுக்கொடுக்க முடியாத பயம்தான்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத மாட்டேன். அண்ணி இப்போதும் கடைக்குப் போய் வந்தால் பையை மேசைமேல் கவிழ்த்து, எனக்குத் தெரியும்படி ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். எனக்கு அது வலிக்கிறது. வலிக்கட்டும் என்றுதான் செய்கிறாரோ என்றும் சில நாள் தோன்றுகிறது. ரீட்டா அக்காவிடம் நான் நோயைப் பற்றி விளக்கிச் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த அன்பியக் கூட்டத்தில் சமோசாவுக்குப் பதில் வேர்க்கடலை அவித்து வைத்திருந்தார்.

பாவசங்கீர்த்தனத்தில் ஒருநாள், சந்தேகம் பாவமா என்று கேட்டேன். ஃபாதர், "எதைச் சந்தேகப்படுறீங்க? சாப்பாட்டையா, ஆளையா?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டையும் பிரிக்க நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். தினமும் மூன்று வேளை அதற்குப் பயிற்சி கிடைக்கிறது. பெரிய தியானக் கூட்டங்களில் கண்ணீர் விட்டபோது புரியாதது, சாப்பாட்டுக்கு முன் சொல்லும் அந்த அரை நிமிடச் செபத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. உணவை மட்டும் ஆசீர்வதிக்கச் சொல்லி நிறுத்திவிடாமல், சமைத்த கையையும் சேர்த்துச் சொல்கிறேன். சில நாள் மனதார. சில நாள் வெறும் வாயால்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. டாக்டர் கேட்கும்போது வாய்க்குள் போவதெல்லாம் சொல்லிவிடுங்கள். பிரசாதம், நன்மை, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டுக் கஞ்சி, எல்லாம். புனிதமானது என்பதால் விட்டுவிடாதீர்கள். உங்கள் குருவானவரிடமும் கேளுங்கள். கேட்டால் வழி இருக்கிறது.

அடுத்த பரிசோதனையில் அளவு பாதியாக இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும். மறுபடி எண்டோஸ்கோபி செய்தபோது டாக்டர் சுமா திரையைத் திருப்பிக் காட்டினார். வழுக்கையாக இருந்த இடத்தில் பாசி படர்ந்ததுபோல் மெல்லிய நீட்சிகள். "குடலோட உள் தோல் சில நாளுக்கு ஒருவாட்டி தன்னால புதுசாகும் பிலோமினா. நாம கெடுக்காம விட்டாப் போதும்" என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து என் நாள்கணக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் ஷிப்ட், மாதக் கடைசி, பெருவிழா என்று காலத்தை எண்ணுவேன். இப்போது ஒரு கவளத்திலிருந்து அடுத்த கவளம்வரை எண்ணுகிறேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் உடம்பு ஏதாவது சொல்கிறதா என்று காத்திருக்கிறேன். போன வாரம் இருந்த குடல் இன்று எனக்குள் இல்லை. வாழ்க்கை பூரா என்று டாக்டர் அன்று சொன்னது பயமாக இருந்தது. வாழ்க்கை பூராவுக்கும் சேர்த்து ஒருநாளில் யாரும் சாப்பிட முடியாது என்பது இப்போதுதான் தெரிகிறது. ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்திலும் அன்றாட உணவைத்தான் கேட்கச் சொல்லியிருக்கிறார். அதன் அர்த்தம் எனக்கு இவ்வளவு நேரடியாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

போன ஞாயிறு மதியம் அண்ணி ஒரு புதுக் குழம்பு வைத்திருந்தார். கேஜிஎஃப்பில் கற்றது. செபம் சொல்லி முடித்து, எதுவும் கேட்காமல் சோற்றில் கை வைத்தேன். அவரை நம்புகிறேன் என்று காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு பெருமை. அவர் கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தார்.

"கேக்க மாட்டியா?"

"மாட்டேன் அண்ணி."

"கேளு. வாய் தொறந்து கேட்டா எனக்கு ஒண்ணும் இல்ல. கேக்காம உக்காந்திருந்தாதான் பழைய மாதிரி உள்ளுக்குள்ள என்னமோ நெனைக்கிறியோன்னு இருக்கு."

கையை எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "இதுல என்னென்ன போட்டீங்க அண்ணி?"

நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். சின்ன வெங்காயம் என்று தொடங்கினார். பூண்டு, மொச்சை, கத்திரிக்காய், வறுத்து அரைத்த தேங்காய் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் ஒன்றை மறந்து, யோசித்து, கொத்தமல்லி என்று சேர்த்தார். எனக்கு எந்த அவசரமும் இல்லை. அவர் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சாப்பிட்டேன்.